சார், கொஞ்சம் வெளியே நில்லுங்கோ

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2003ல் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு பைகளுமாக ஹௌராவில் இறங்கினேன். மூன்று வருஷம் தள்ளிவிட்டு ஊர்ப்பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்பதுதான் திட்டம். மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியவன், இப்போது லேக் மார்க்கெட்டில் எந்தக் கடையில் முருங்கைக்காய் பிஞ்சாக இருக்கும், எந்தக் கடையில் மீன் புதுசாக இருக்கும் என்று இரண்டுமே சொல்வேன். சரி, சொந்தக் கதை போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

வந்த புதிதில் வங்கியில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊர்?" வாலாஜாபேட்டை என்றால் யாருக்கும் தெரியாது. ராணிப்பேட்டை என்றாலும் தெரியாது. சென்னைக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் என்று படம் வரைந்தாலும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஒருநாள் சலித்துப்போய் "வேலூர் பக்கம்" என்றேன். அவ்வளவுதான். கேஷியரில் இருந்து கடைநிலை ஊழியர் வரை எல்லா முகமும் மலர்ந்துவிட்டது. "ஓ, பெலோர்!" ஒருவருக்கு அங்கேதான் அப்பாவின் சிறுநீரகத்துக்கு வைத்தியம் நடந்தது. இன்னொருவருக்கு அக்காவின் இதயம். கடைநிலை ஊழியர், காட்பாடி ஸ்டேஷனில் ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதுவரை சொன்னார். எங்கள் ஊரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

வங்காளத்திலிருந்து ஒரு பகலும் இரண்டு ராத்திரியும் ரயிலில் உட்கார்ந்து எங்கள் ஊருக்கு வைத்தியத்துக்குப் போகிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கொல்கத்தாவில் ஒரு டாக்டர் முன்னால் உட்காரவைத்தேன்.

அப்பா போனபிறகு, 2013 கடைசியில் அம்மா எங்களோடு வந்து தங்கினார். தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. தெலுங்கு கொஞ்சம் புரியும், வடாற்காட்டுக்காரர்கள் எல்லாருக்கும் புரிகிற அளவுக்கு. வந்த ஆறாவது மாசம் சோர்வு, இடுப்பு வலி, சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்துத் தெருவில் கைராசிக்காரர் என்று பேரெடுத்த ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தங்கமணிக்கு பள்ளிக்கூட வேலை, லீவு கிடைக்காது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் எனக்கு.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இடுப்பு கடுகடுன்னு கடுக்குது நைனா. அடிவயித்துல ஒரு மாதிரி இழுத்துப் புடிக்கிது. காலு ரெண்டும் உளைச்சலா கீது. தல கிறுகிறுன்னு வருது."

நான் டாக்டரிடம் சொன்னது: "இடுப்பு வலி, வயிற்று வலி, கால் வலி, தலைசுற்றல்."

யோசித்துப் பாருங்கள். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், கரிப்பு, பிடிப்பு, சுளுக்கு, இழுப்பு, விண்ணு விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று தைப்பது என்று நம் அம்மாக்களிடம் வலிக்கு ஒரு அகராதியே இருக்கிறது. என் வாய் வழியாக வெளியே போகும்போது எல்லாம் 'வலி' என்ற ஒரே வார்த்தையாகிவிட்டது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றை மட்டும் நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை. "மாதவிலக்கு எப்போது நின்றது? அதன்பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா?" பெற்ற தாயிடம் எப்படிக் கேட்பது? "வயசு அறுபத்தேழு, அதெல்லாம் எப்பவோ நின்றிருக்கும்" என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

தப்பு டாக்டர் மேல் இல்லை. அவர் கேட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இந்த இடத்துக்கே திரும்ப வருவோம். நடுவில் கொஞ்சம் பழைய கதை.

எங்கள் ராணிப்பேட்டையில் 1870 டிசம்பரில் ஒரு அமெரிக்கப் பாதிரியார் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் பேர் ஐடா ஸ்கடர். தாத்தா ஜான் ஸ்கடர், டாக்டர். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் 1820லேயே வைத்தியசாலை நடத்தியவர், பிறகு சென்னைக்கு வந்தவர். அப்பாவும் டாக்டர். வீடு நிறைய டாக்டர்கள், மிஷன் வேலை. பெண்ணுக்கு அதில் இஷ்டமே இல்லை. அமெரிக்காவில் படித்து முடித்தவர், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள 1890ல் திண்டிவனத்துக்கு வந்தார். அம்மா தேறியதும் திரும்பிப் போவதாகத்தான் எண்ணம்.

அங்கே ஒரு ராத்திரி நடந்தது அவரே பின்னால் பலமுறை சொன்ன கதை. வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு பிராமண இளைஞர் கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, வந்து பாருங்கள் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்ப்பதா, அதற்கு அவள் செத்துப்போகலாம் என்று அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார், அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்து. அவரும் அப்படியே. காலையில் விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா டாக்டருக்குப் படிக்கப் போனார். 1899ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பு அது. 1900ல் வேலூருக்கு வந்து, அப்பாவின் பங்களாவில் ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார். 1902ல் நாற்பது கட்டிலோடு பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி. 1909ல் நர்ஸ் படிப்பு. 1918ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. 1942ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியானது, 1947ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. என் அலுவலகத்து நண்பர்கள் 'பெலோர்' என்று சொல்கிற சி.எம்.சி. அதுதான்.

இந்தக் கதையைப் பள்ளியில் படிக்கும்போது எனக்கு ஐடாவும் அந்த மூன்று கணவர்களும்தான் கண்ணில் தெரிந்தார்கள். அம்மா விஷயத்துக்குப் பிறகு வேறு ஒன்று தெரிகிறது. அந்த மூன்று பெண்களின் பேர் நமக்குத் தெரியாது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் தெரியாது. ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்களா? 'யாரா இருந்தாலும் பரவாயில்ல, கூப்பிடுங்க' என்று கதறினார்களா? கதையில் பேசுகிறவர்கள் கணவன்மார் மட்டும்தான். வலி ஒருவருக்கு, வாய் இன்னொருவருக்கு.

பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்பது அந்தக் காலத்தின் பெரிய போராட்டம். நம் சென்னை அதில் முந்திக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. 1875லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்களைச் சேர்த்தார்கள். உலகத்தில் அநேக ஊர்களில் அப்போது பெண்களுக்குக் கதவு திறக்கவே இல்லை. அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி. நம்மூர்ப் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேட்டுத்தான் படிக்க வந்தார். லண்டனில் மேற்படிப்பு முடித்து வந்து 1885ல் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். பழைய ஆட்கள் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்பார்கள். கோஷா என்றால் திரை. திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்கான ஆஸ்பத்திரி.

கொல்கத்தாவிலும் சும்மா இல்லை. இங்கே மருத்துவக் கல்லூரியில் படித்து 1886ல் டாக்டரானவர் காதம்பினி கங்கூலி. கல்யாணமாகி, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வைத்தியம் பார்த்தவர். அவரைப் பற்றி ஒரு பத்திரிகை அசிங்கமாக எழுத, வழக்குப் போட்டு அதன் ஆசிரியரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். பிறகு 1893ல் பிரிட்டனுக்குப் போய் மேற்படிப்பும் முடித்து வந்தார்.

ஆக, பெண்ணைப் பார்க்கப் பெண் டாக்டர் என்ற திரை நூறு வருஷத்துக்கு முன்பே கிழிந்துவிட்டது. நான் அம்மாவைக் கூட்டிப்போனதும் பெண் டாக்டரிடம்தானே. அப்படியிருந்தும் அம்மா ஏன் பேசவில்லை?

ஏனென்றால் இன்னொரு திரை இருக்கிறது. பாஷை.

வைத்தியத்தை எந்த பாஷையில் சொல்லிக்கொடுப்பது என்பதற்கும் கொல்கத்தாவில்தான் பெரிய சண்டை நடந்தது. 1822ல் இங்கே ஆங்கிலேயர் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் பாடமெல்லாம் இந்த நாட்டு பாஷைகளில். 1835ல் அதை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் சொல்லித்தரும் மருத்துவக் கல்லூரியைத் திறந்தார்கள். ஆங்கிலம் படித்த டாக்டர்கள் போதவில்லை என்று கொஞ்ச வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. அதே கல்லூரிக்குள் 1839ல் இந்துஸ்தானி வகுப்பு, 1852ல் வங்காளி வகுப்பு என்று திரும்பத் தொடங்கினார்கள். வங்காளி வகுப்பு 1873ல் சியால்தாவுக்குத் தனியாகப் போனது. ரயிலுக்காக நான் வாரம் தவறாமல் கடக்கிற இடம் அது. இன்றைக்கு அங்கே இருப்பது நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி. வங்காளி வகுப்பு இல்லை.

தமிழிலும் இது நடந்திருக்கிறது. ஐடாவின் தாத்தா தொடங்கிவைத்த யாழ்ப்பாணத்து வைத்திய வேலைக்கு 1847ல் வந்து சேர்ந்தவர் சாமுவேல் கிரீன். மானிப்பாயில் இருந்துகொண்டு, தமிழ்ப் பையன்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். அறுபதுக்கு மேற்பட்ட டாக்டர்கள் அவரிடம் படித்து வெளியே வந்தார்கள். உடற்கூறு, பிரசவம், அறுவை என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் புத்தகம் போட்டார்கள். அறுவைச் சிகிச்சைப் புத்தகத்துக்கு 'இரண வைத்தியம்' என்று பேர், வேதியியல் புத்தகத்துக்கு 'கெமிஸ்தம்'. படிக்கும்போது சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் அதன் பின்னால் இருந்த யோசனையில் சிரிக்க ஒன்றும் இல்லை. டாக்டர் ஆங்கிலத்தில் படித்தால் ஊரை விட்டுப் பட்டணத்துக்குச் சம்பாதிக்கப் போய்விடுவார், தமிழில் படித்தால் தமிழ் பேசுகிறவர் நடுவிலேயே இருப்பார் என்று அவர் நினைத்தார். அவர் 1873ல் அமெரிக்கா திரும்பினார், 1884ல் காலமானார். அவருடைய கல்லறைக் கல்லில், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றுதான் பொறித்திருக்கிறது.

அதன்பிறகு படிப்பு முழுக்க ஆங்கிலம். 2022ல் மத்தியப் பிரதேசத்தில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இந்தியில் பாடப்புத்தகம் வெளியிட்டார்கள், அது நல்லதா கெட்டதா என்று நாடு முழுக்க வாதம் நடந்தது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. டாக்டர் எந்த பாஷையில் படிக்கிறார் என்பது பாதிதான். நோயாளி எந்த பாஷையில் சொல்கிறார், அதை டாக்டரின் காதுக்கு யார் கொண்டுபோகிறார் என்பது மீதிப் பாதி. 2019ல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே உள்ளூர் மொழி கற்றுத்தர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கொல்கத்தாவில் உள்ளூர் மொழி வங்காளி. எங்கள் அம்மாவுக்கு அதனால் என்ன லாபம்? ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு மிஞ்சுவது குடும்பம் ஒன்றுதான். மகன், மகள், சில வீடுகளில் பத்து வயசுப் பேரன்.

குடும்பத்தை நான் குறை சொல்ல வரவில்லை. நம் நாட்டில் குடும்பம் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே நடக்காது. சீட்டு வாங்க ஒருத்தர், ரத்தம் கொடுத்த ரிப்போர்ட்டுக்கு நிற்க ஒருத்தர், ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க ஒருத்தர். மேல்நாட்டில் நோயாளியைத் தனியாகப் பூட்டிவைத்த மனநல மருத்துவத்திலேயே இங்கே வேறு மாதிரி செய்துபார்த்தார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற டாக்டர், வளாகத்துக்குள் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூரிலும் 1957ல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது வீட்டு மனுஷர் கூடவே தங்க வேண்டும் என்று வைத்தார்கள். கூட ஆள் இருந்தால் நோயாளி சீக்கிரம் தேறுகிறார், வீட்டுக்குப் போனபிறகும் கவனிப்பு தொடர்கிறது. உண்மை.

அதே குடும்பம் சில சமயம் திரையாகவும் ஆகிவிடுகிறது. அதுவும் உண்மை. திண்டிவனத்துக் கணவர்களைப் போல, என்னைப் போல.

இப்போது அம்மாவிடம் வருகிறேன்.

மாத்திரை சாப்பிட்டும் சோர்வு குறையவில்லை. 2014 ஆடி மாசம் ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் பாதிக்குப் பாதி. எங்கே போகிறது ரத்தம் என்று டாக்டர்கள் குடைந்தார்கள். அல்சரா, மூலமா என்று என்னிடம் கேள்வி, நான் அம்மாவிடம் கேள்வி. அம்மா எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா" என்றார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்த வார்டில் ஒரு மலையாள நர்ஸ். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் வரும். அம்மாவுக்கு நாடி பார்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சார், கொஞ்சம் வெளியே நில்லுங்கோ."

"பரவாயில்லை சிஸ்டர், நான் மகன்தான்."

"அதான் சொல்றேன். வெளியே நில்லுங்கோ."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் தாழ்வாரத்தில் நின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கும். உள்ளேயிருந்து அம்மா அழுகிற சத்தம் கேட்டது. அப்பா போனபோதுகூட அப்படி அழுததில்லை.

நர்ஸ் வெளியே வந்தவர், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக டாக்டரிடம் போனார். டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எட்டு மாசமாக ரத்தப்போக்கு. தீட்டு நின்று பதினைந்து வருஷம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறது. ஊரில் இருக்கும்போதே ஆரம்பித்து, கொல்கத்தா வந்தபிறகு அதிகமாகியிருக்கிறது. கிழிந்த பழைய புடவைகளைத் தானே துவைத்து, யாரும் எழுந்திருக்கும் முன் மொட்டைமாடியில் காயப்போட்டு, மறைத்திருக்கிறார். கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்று இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்றார்.

ஏன் மருமகளிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பின்னால் கேட்டேன். "அவகிட்ட சொன்னா உங்கிட்ட சொல்லுவா. நீ லீவு போட்டு அலைவ. ஒங்க அக்காகிட்ட சொல்லலாம்னா போனு கூடத்துல கீது, நீ பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிக்கிற. டாக்டரம்மாகிட்ட சொல்லலாம்னுதான் நெனச்சேன். ஆனா நடுவுல நீ நிக்கிறியே நைனா. ஒன்ன வச்சிக்கினு அத எப்பிடிச் சொல்றது?"

அந்த டாக்டரம்மாவும் ஒரு பெண். அம்மாவும் ஒரு பெண். ஒருவர் கேட்டார், இன்னொருவர் சொல்லத் தயாராக இருந்தார். குறுக்கே சுவர் மாதிரி நின்றது நான். பாசத்தோடு நின்ற சுவர். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பரிசோதனையில் புற்று என்று உறுதியானது. நல்லவேளை, கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. அறுவை சிகிச்சை செய்தால் போதும் என்றார்கள். அந்த வங்காளி டாக்டர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "எங்கள் ஆட்கள் எல்லாரும் உங்கள் ஊருக்குப் போகிறார்கள். நீங்கள் உங்கள் அம்மாவை இங்கே வைத்திருக்கிறீர்கள். அம்மா பேசுகிற பாஷை இருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். உடம்பு அங்கே சீக்கிரம் தேறும்."

ஹௌராவில் யஷ்வந்த்பூர் ரயில் ஏறினோம். பெட்டியில் பாதிப் பேர் காட்பாடிக்குத்தான். ஒவ்வொருவர் மடியிலும் எக்ஸ்ரே உறை, பிளாஸ்டிக் பையில் பழைய சீட்டுகள். காட்பாடியில் விடியுமுன் இறங்கினால், ஆட்டோக்காரர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வங்காளியில் விலை சொன்னார்! "அண்ணே, நான் வாலாஜாக்காரன்" என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் தெருக்களில் லாட்ஜ் பலகை வங்காளியில், மருந்துக்கடைப் பலகை வங்காளியில், மீன் குழம்புச் சாப்பாடு வங்காளி ருசியில். லாட்ஜ் நடத்திய அம்மா பேசிய வங்காளி, பதினோரு வருஷம் கொல்கத்தாவில் இருந்த என்னுடையதைவிடச் சுத்தம். எங்கே படித்தீர்கள் என்றேன். "படிக்கிறது இன்னா, ரூமுக்கு வர்றவங்க அழுவும்போது இன்னா சொல்லி அழுவுறாங்கன்னு தெரிஞ்சிக்க வேணாமா" என்றார். பாஷை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காரணம் இதுவரை நான் கேட்டதில்லை.

அம்மாவிடம் டாக்டர் தமிழில் கேட்டார். நான் சொல்லாமலே எழுந்து வெளியே போனேன். உள்ளே இருபது நிமிஷம் பேசினார்கள். கடுகடுப்பும் உளைச்சலும் இழுப்பும் அவையவையாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

வெளியே பெஞ்சில் முர்ஷிதாபாத் பக்கத்து இளைஞர் ஒருவர், அவருடைய அம்மாவோடு. பையனுக்கு இந்தி வரும், அம்மாவுக்கு வங்காளி மட்டும். டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் எழுந்தார்கள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம்தான் அது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட முகம். தங்கமணியிடம் கண்ணைக் காட்டினேன். அவளுக்கு என்னைவிட நன்றாக வங்காளி வரும். எழுந்துபோய் அந்த அம்மாவிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அந்த அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டார். பையனை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அந்த அம்மாவுக்கு என்ன உடம்பு என்று தங்கமணி இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

பையன் என்னைப் பார்த்து, "ஏன், நான் போகக்கூடாதா?" என்றார், கொஞ்சம் கோபமாக. "நானும் அப்படித்தான் கேட்டேன் தம்பி" என்றேன்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு கொல்கத்தாவுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். வாலாஜாவில் அக்கா வீட்டில் இருக்கிறார். 2022ல் அதே சி.எம்.சி.க்கு ராணிப்பேட்டைப் பக்கத்திலேயே பெரிய வளாகம் வந்துவிட்டது. ஐடா பிறந்த ஊருக்கே ஆஸ்பத்திரி திரும்பி வந்த மாதிரி. அக்காவோடு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நான் போனில் கேட்டால், "ஒனக்கு எதுக்குடா அதெல்லாம், நல்லாத்தான் கீறேன்" என்பார்.

டெல்லி, மும்பை, புனே, ஹைதராபாத் என்று அம்மா அப்பாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டிருக்கும் நம் எல்லாருக்கும் நான் சொல்ல வருவது சின்ன விஷயம்தான். டாக்டரிடம் போகும்முன் அவர்கள் சொல்கிற வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'வலி' என்று சுருக்காதீர்கள். எப்படி வலிக்கிறது, எப்போது, எதைச் செய்தால் என்று கேட்டுச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கிற கேள்விக்கு நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள், கேட்கக் கூச்சமாக இருந்தால் முக்கியமாகச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு அக்காவோ மருமகளோ பக்கத்து வீட்டு மாமியோ கூடப் போகட்டும். யாரும் இல்லை என்றால் தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு மலையாள நர்ஸ் இருப்பார், அவர்களில் பலருக்குத் தமிழ் வரும். அதுவும் முடியாவிட்டால் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு டாக்டர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

அப்பாக்களுக்கும் இது பொருந்தும். மகளிடம் சொல்லமுடியாத ஒன்றிரண்டு அவர்களிடமும் இருக்கும்.

எல்லாம் செய்தபிறகு ஐந்து நிமிஷம் வெளியே நில்லுங்கள்.

டிஸ்கி: அம்மாவிடம் முழுசாகப் படித்துக்காட்டி அனுமதி வாங்கித்தான் எழுதியிருக்கிறேன். "என் பேரப் போடாத. மத்தத போடு. நாலு பொம்பளைங்களுக்கு ஆவும்" என்றார்.